கூலி, சன்மானம், பங்கு

1

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று பார்க்கக் கிடைக்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டியது. கட்டபொம்மனுடைய கோட்டை 1799-ல் கும்பினியார் கைக்குப் போயிற்று. 1801-ல் ஊமைத்துரை அதை மறுபடியும் எழுப்பினார். அந்த ஆண்டே அதுவும் தரைமட்டமாயிற்று. அதற்குப் பிறகு நூற்றெழுபது சொச்சம் ஆண்டுகள் அந்தக் கோட்டை இருந்தது சொல்லில்தான். கதைப்பாடலாக ஊர் ஊராகப் பாடப்பட்டது. ஒட்டநத்தத்து ஜெகவீரபாண்டியனார் ‘பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்’ எழுதினார். ம.பொ.சி. நூல் எழுதினார். மேடையில் நாடகமாகி, 1959-ல் சினிமாவாகி, கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டு, அதற்கப்புறமே செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கின.

இந்த வரிசையில் நடிகர், விநியோகஸ்தர், தியேட்டர்காரர், கொத்தனார் எல்லோருக்கும் கணக்கு உண்டு. முதலில் கட்டிப் பாடியவனுக்கு மட்டும் கணக்கு இல்லை. பெயரே இல்லாதவனுக்குக் கணக்கு எங்கிருந்து வரும்? நாட்டார் மரபின் இயல்பு அது, வருத்தப்பட ஒன்றுமில்லை என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அச்சு வந்து, பெயர் போட்டு எழுதும் வழக்கம் வந்து, பதிப்புரிமைச் சட்டமும் வந்த பிறகு, எழுதிப் பிழைக்கிறவனின் கணக்கு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியை இலக்கிய விமர்சனம் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒரு எழுத்தாளன் எதை எழுதினான், எதை எழுதாமல் விட்டான் என்பதில் பாதி இந்தக் கணக்கில் இருக்கும்போது, அதை ஒதுக்கும் விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

உத்தியோகம் இல்லாமல், எந்த ஸ்தாபனத்தின் சம்பளப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், பல இடங்களுக்கு எழுதிக்கொடுத்து ஜீவிக்கிறவனை ஆங்கிலத்தில் ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட் ‘ஐவன்ஹோ’ நாவலில் பழக்கப்படுத்திய வார்த்தை அது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவனுக்காக ஈட்டி ஏந்துகிற சிப்பாயைக் குறித்தது. தமிழில் நாம் சுதந்திர எழுத்தாளன் என்று ஆக்கிக்கொண்டோம். மொழிபெயர்ப்பில் சுதந்திரம் வந்து சேர்ந்தது, கூலி விட்டுப்போயிற்று.

இவனுடைய கஷ்டங்கள் எல்லா மொழிக்கும் பொதுவானவை. வருமானம் சீராக வராது. வரவேண்டியதும் நாள் கடந்து வரும். அனுப்பியதற்குப் பதில் இருக்காது. எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது தெளிவாக இராது. வயிற்றுக்கு எழுதுவது சொந்த எழுத்தின் நேரத்தைத் தின்றுவிடும். நோய் வந்தால் தாங்க ஆளில்லை. தமிழில் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரில் அது வெளிப்படுகிறது. பத்திரிகைகள் அதைச் சன்மானம் என்கின்றன.

2

சன்மானம் அரண்மனைச் சொல். கொடுப்பவன் மனம் உவந்து கொடுப்பது. எவ்வளவு, எப்போது என்பது அவன் இஷ்டம். கொடுக்கத் தவறினால் பாக்கி என்று ஆகாது; நினைவூட்டினால் கேட்டவனுக்குத்தான் மரியாதைக் குறைவு. வாங்குகிறவன் வாழ்த்திவிட்டு வரவேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் நிலங்களில் ஒரு பகுதி கும்பினியின் தயவில் போய்ச் சேர்ந்தது எட்டயபுரத்துக்கு. அந்த எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதி, காசியிலிருந்து திரும்பியபின் 1904 வரை அங்கேயே அரண்மனைச் சேவகம் பார்த்தார். பிறகு மதுரையில் சில மாதம் பள்ளிக்கூடம், சென்னையில் ‘சுதேசமித்திரன்’, ‘இந்தியா’, 1908-லிருந்து பத்தாண்டு புதுச்சேரி. இந்த வாழ்க்கையை தேசபக்தனின் சரித்திரமாகப் படித்துப் பழகிவிட்டோம். எழுதிப் பிழைக்க முயன்ற ஒருவனின் சரித்திரமாகப் படித்தால் முக்கியமான வருஷங்கள் 1919-ம் 1920-ம்.

1918-ன் கடைசியில் சிறையிலிருந்து விடுபட்டுக் கடையத்தில் இருந்த பாரதி, 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு மரபான சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். பலன் இல்லை. அதே ஆண்டு இன்னொரு கடிதம். கவிகேசரி சாமி தீட்சிதர் இயற்றி 1879-ல் வெளிவந்த ‘வம்சமணி தீபிகை’ என்ற அரண்மனை வம்ச சரித்திரத்தை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தர முன்வந்தார். அதற்கும் வழி பிறக்கவில்லை. இந்த இரண்டாவது கடிதத்தை நாம் வேண்டிய அளவு யோசித்துப் பார்க்கவில்லை. முதல் கடிதம் புலவன் கேட்பது. இரண்டாவது கடிதம் தொழில்காரன் கேட்பது: என்ன வேலை, ஏன் அது தேவை, நான் ஏன் அதற்குத் தகுந்தவன் என்று சொல்லி வேலை கேட்கிற கடிதம். ‘பாஞ்சாலி சபத’த்தின் ஆசிரியர் ஒரு ஜமீனின் வம்சாவளியைத் திருத்தி எழுதத் தயாராக இருந்தார் என்பதில் இழிவு ஒன்றும் இல்லை. கடிதம் போன இடம்தான் அவருக்குப் பாதகம். தொழில்காரனின் கடிதத்தை அரண்மனை சீட்டுக்கவியாகவே படித்திருக்கும்.

1920-ல் பாரதி அரண்மனையை விட்டுவிட்டு வாசகனிடம் திரும்பினார். தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது என்று திட்டம். மொத்தம் நாலு லட்சம் பிரதி. ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். நூறு ரூபாய்க்குக் குறையாமல் கடன் தருகிறவர்களுக்கு மாதம் இரண்டு சதவீத வட்டி, ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் வீடுதோறும் புத்தகம் விற்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கவியின் கனவு என்று புன்னகையோடு இதைக் கடந்துபோவது நம் விமர்சகர்களின் வழக்கம். அதில் இருப்பது கனவு மட்டுமல்ல. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மலிவு விலையாலும் கடைதோறும் கிடைப்பதாலும் விற்றன. புத்தகத்தின் நோய் விநியோகத்தில் இருக்கிறது என்பதை 1920-லேயே கண்டுகொண்ட மூளை அது.

திட்டத்தின் கோளாறு வேறிடத்தில். நாற்பதும் ஒரே மூச்சில். முதல் முழுக்கக் கடன். வட்டி வருஷத்துக்கு இருபத்துநாலு. ஒரு புத்தகத்தைப் போட்டு, விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததைப் போடும் வழி அதில் இல்லை. வேறு முன்மாதிரி தமிழில் இல்லாமலும் இல்லை. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டது முன்கூட்டியே கையொப்பக்காரர்களைச் சேர்த்து, அவர்கள் பணத்தின் பலத்தோடு. கையொப்பம் போட்டவன் கொடுப்பது கடனும் அல்ல, சன்மானமும் அல்ல. தனக்கு வேண்டிய பொருளின் விலை. பாரதியின் திட்டம் நிறைவேறவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அவர் மறுபடி ‘சுதேசமித்திரன்’ சம்பளத்துக்குப் போனார். 1921 செப்டம்பரில் இறந்தார்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ.சி.யின் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. கப்பல் கம்பெனியும் வக்கீல் சன்னதும் போய், 1912-ல் சிறையிலிருந்து வந்தவர். ‘மெய்யறம்’ (1914), ‘மெய்யறிவு’ (1915), மணக்குடவர் உரைப் பதிப்பு (1917), ஜேம்ஸ் ஆலனின் மொழிபெயர்ப்புகள் என்று அடுத்தடுத்து நூல்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த சில நூறு ரூபாய் கைக்கு வந்து சேர 1915, 1916-ல் கடிதத்தின் மேல் கடிதம் எழுத நேர்ந்தது. கொடுத்தவர்களிடமும் கொண்டுவந்தவரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. தேதியும் பொறுப்பும் குறிக்கப்படாத பணம் அப்படித்தான் நகரும். சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்திய பிறகும் அவர் எழுத்தை விடவில்லை. 1935-ல் திருக்குறள் அறத்துப்பால் உரை வந்தது. மற்ற இரண்டு பாலும் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. எழுதி முடித்ததற்கும் அச்சேறுவதற்கும் இடையில் நின்றது பணம்தான்.

3

சன்மானத்துக்கு மாற்றாக வந்தது கூலி. கூலியை இழிவாகச் சொல்லவில்லை. அது சன்மானத்தைவிட நாணயமானது. எவ்வளவு, எப்போது என்பது தெரியும். ஆனால் கூலி கொடுப்பவன் எழுத்தோடு எழுதுகிற நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான்.

புதுமைப்பித்தன் ‘தினமணி’யில் இருந்தது 1935-லிருந்து 1943 வரை. அதை விட்டு, ‘தினசரி’யையும் விட்டு, சினிமாவுக்குப் போனார். ‘அவ்வையார்’, ‘காமவல்லி’ என்று வசன வேலை. பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி. எடுக்கப்படாமலே போன ‘வசந்தவல்லி’. பிறகு ‘ராஜமுக்தி’க்காகப் புனா. காசநோயோடு திரும்பி 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. அவருடைய கதைகளில் பெரும்பகுதி சினிமாவுக்கு முன்பே எழுதி முடிந்தவை. சினிமா கெடுத்தது என்று ஒற்றை வாக்கியத்தில் முடிப்பது சுலபம். ‘கயிற்றரவு’ எழுதிய 1948-ம் அதே சினிமா வருஷம்தானே? திறமை மழுங்கவில்லை. சொந்தப் படக் கம்பெனி என்பது பாரதியின் நாற்பது புத்தகத் திட்டம் போன்றதே: பெரிய முதல், ஒரே வீச்சு, சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இருவரும் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சில்லறை வருமானத்தின் அவமானத்திலிருந்து ஒரே தாவலில் வெளியேறப் பார்த்தவர்கள். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வறுமையைவிட ஆபத்தானது இந்தத் தாவல்.

கோவில்பட்டிக்கும் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுக்கும் நடுவில் இடைசெவல். அங்கே 1923-ல் இருவர் பிறந்தார்கள். கு. அழகிரிசாமி பேனாவோடு சென்னைக்குப் போனார். ‘பிரசண்ட விகடன்’, ‘சக்தி’, மலேயாவில் ‘தமிழ் நேசன்’, திரும்பி வந்து ‘நவசக்தி’. மொழிபெயர்ப்பு, காவடிச்சிந்துப் பதிப்பு, கட்டுரைகள், நடுநடுவே தமிழின் சிறந்த சிறுகதைகளில் சில. 1970-ல் 46 வயதில் இறந்தார். சாகித்ய அகாதெமி பரிசு அவர் இறந்த பிறகு வந்தது. கி. ராஜநாராயணன் கரிசலில் சம்சாரியாக இருந்தார். முப்பதைத் தாண்டியபின் எழுத ஆரம்பித்தார். 2021 வரை வாழ்ந்தார். இதிலிருந்து நிலத்தை விடாதே, பட்டணம் போகாதே என்று நீதி எடுக்கிறவர்கள் உண்டு. தவறான நீதி. சிறுபத்திரிகை எழுத்தாளர்களில் பெரும்பான்மையோர் வங்கி, தபால் இலாகா, மின்வாரியம், கல்லூரி என்று எங்கோ ஒரு நாற்காலியின் பலத்தில் எழுதியவர்கள். நிலமோ நாற்காலியோ இல்லாதவன் எழுதக்கூடாது என்று ஆகிவிட்டால் இலக்கியம் யாருடையதாக இருக்கும்? அழகிரிசாமியின் பாதை சாத்தியமாக வேண்டும். அதற்குத்தான் வழி தேடவேண்டும்.

4

வழி தேட முடியாமல் தடுப்பதில் விமர்சனத்துக்குப் பங்கு உண்டு. எழுத்தாளனின் பட்டினியை அவனுடைய எழுத்தின் தரத்துக்குச் சாட்சியாக வைக்கிற பழக்கத்தைச் சொல்கிறேன். வியாபார எழுத்தை எதிர்த்து நின்ற சிறுபத்திரிகை இயக்கம் செய்த காரியம் பெரியது. 1959-லிருந்து 1970 வரை ‘எழுத்து’ நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். அவரைத் தியாகி என்று கும்பிட்டோம். அவர் செய்தது விநியோகம் என்று பார்த்திருந்தால், அந்த மூட்டையை அடுத்தவன் எப்படிப் பகிர்ந்து தூக்குவது என்று யோசித்திருப்போம். கும்பிட்டதோடு மூட்டை அவர் தோளிலேயே நின்றுவிட்டது.

பணத்துக்காக எழுதுவது வேறு, எழுதியதற்குப் பணம் கேட்பது வேறு. முதலாவதை எதிர்க்கிற வேகத்தில் இரண்டாவதையும் நாம் கேவலமாக்கிவிட்டோம். இதில் லாபம் அடைந்தவன் பதிப்பாளன், பத்திரிகை முதலாளி. காசு கேட்டால் கலைஞன் அல்ல என்பது அவனுக்கு எவ்வளவு சௌகரியமான அழகியல்!

மாறாக ஒரு உதாரணம் உண்டு. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார். 2017-ல் இறக்கும்வரை அரை நூற்றாண்டு எழுத்தே தொழில். தமிழிலும் ஆங்கிலத்திலும், கதை, கட்டுரை, மதிப்புரை என்று எல்லாமே. அவருடைய வாழ்க்கையில் பெரிய தாவல் ஒன்றும் கிடையாது. சிறிய வேலைகள், பல இடங்கள், குறித்த தேதியில் முடித்துக் கொடுப்பது. சுருக்கமும் நிதானமும் அவர் பாணி என்கிறோம். இத்தனை சொல்லுக்குள், இத்தனை நாளுக்குள் என்று ஐம்பது வருஷம் உழைத்த கைக்கும் அந்தப் பாணிக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வயிற்றுக்கு எழுதுவது சொந்த எழுத்தைக் கட்டாயம் கெடுக்கும் என்கிற சித்தாந்தம் இங்கே உடைகிறது. கெடுப்பது எழுதும் வேலை அல்ல, எல்லையில்லாத வேலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திச் சாப்பிட்டுக்கொண்டே ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்திய நா. வானமாமலை இதன் இன்னொரு வடிவம். சோறு ஓரிடத்தில், ஆராய்ச்சி ஓரிடத்தில். இரண்டுக்கும் நடுவே தெளிவான வரப்பு.

5

சன்மானமும் கூலியும் போக மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பங்கு. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே, தூத்துக்குடிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பில் அந்த முறை இருந்தது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் குளிப்பவன் எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் ஒன்று அவனுக்கு, மீதி சர்க்காருக்கு. அன்றன்றே கரையில் எண்ணிப் பிரித்தார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. சிப்பி மூடியபடியே ஏலம் போனது. மூன்றில் ஒன்று நியாயமா என்பது வேறு விவகாரம். ஆனால் இறங்குவதற்கு முன்பே பங்கு எவ்வளவு என்பது தெரியும். சரக்கின் மதிப்பு தெரியாது என்பதைச் சாக்காக வைத்து யாரும் பங்கைத் தள்ளிப்போடவில்லை. மேலே கயிறு பிடிக்க ஒருவன் இருந்தான். 1961-க்குப் பிறகு அங்கே குளிப்பு நடக்கவில்லை. எழுதுகிறவனுக்கோ பங்கும் முன்கூட்டித் தெரிவதில்லை, கயிறு பிடிக்கவும் ஆளில்லை.

எழுத்தில் பங்கு முறை நடக்காத காரியம் அல்ல. பக்கத்துக் கேரளத்தில் 1945-ல் பன்னிரண்டு பேர் 120 ரூபாய் முதலோடு கோட்டயத்தில் சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால், காரூர் நீலகண்டப் பிள்ளை போன்றவர்கள் முன்நின்றார்கள். எழுத்தாளனுக்கு முப்பது சதவீத ராயல்டி. தமிழில் வழக்கமான பத்துச் சதவீதமே கேட்டு வாங்க வேண்டிய பண்டமாக இருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்க் கடன்களால் 20,000 திரட்ட முனைந்தார் பாரதி. இவர்கள் 120 ரூபாயில் தொடங்கினார்கள். நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே. சிறிதாகத் தொடங்கியதும், தனி ஆளாகத் தொடங்காததுமே வித்தியாசம்.

சட்டமும் நாம் நினைக்கிற அளவு பாதகமாக இல்லை. 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கும் படைப்புக்கு முதல் உரிமையாளன் எழுதியவனே. பத்திரிகையின் சம்பள ஊழியன் எழுதியதிலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு, மற்றது எழுதியவனுக்கு. உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றித் தர முடியும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷம். எந்தப் பிரதேசத்துக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாய்ப்பேச்சில் ‘எல்லா உரிமையும்’ போய்விட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் பலர். அவர்கள் இழந்தது உரிமையை அல்ல, அதைக் கேட்கும் துணிச்சலை.

உரிமை கடைசியில் யார் கையில் பலன் தருகிறது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பாரதியின் எழுத்து 1949-ல் அரசு வசமாயிற்று. அவர் இறந்து 28 வருஷம். புதுமைப்பித்தன் எழுத்து 2002-ல் நாட்டுடைமையாயிற்று. அவர் இறந்து 54 வருஷம். வாரிசுகளுக்குப் பணம் கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் நாட்டுடைமையின் பரிவுத்தொகை என்பது சன்மானத்தின் கடைசி வடிவம். ஜமீன்தார் இடத்தில் சர்க்கார். சீட்டுக்கவி எழுதியவன் இடத்தில் அவன் பேரன்.

ஆகவே எழுதிப் பிழைக்க நினைக்கிற இளைஞன் செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் கவித்துவமானவை அல்ல. எதை எழுதும் முன்பும் தொகை, தேதி, உரிமை மூன்றையும் ஒரு தாளில் கேட்டு வாங்குவது. தராதவனை மறுமுறை நம்பாதிருப்பது. அனுப்பியது, வந்தது, வரவேண்டியது என்று மூன்று பத்தியில் கணக்கு நோட்டு. ஒரே முதலாளியிடம் பாதி வருமானத்துக்கு மேல் நிற்கவிடாதிருப்பது. அவன் கதவை மூடினால் பட்டினி என்ற நிலையில் யாரும் சுதந்திரன் அல்ல. பிழைதிருத்தம், மொழிபெயர்ப்பு, பதிப்பு வேலை போன்ற கைத்தொழில்களில் ஒன்றையாவது தேர்ச்சியாகக் கற்பது. அழகிரிசாமியைக் காப்பாற்றியவை அவை. நாளின் முதல் இரண்டு மணி நேரம் சொந்த எழுத்துக்கு, அதில் யாருக்கும் பங்கு இல்லை என்று வரப்புக் கட்டுவது. எழுதியதைக் கருணையில்லாமல் படித்துச் சொல்ல ஒரு சிநேகிதன்: கயிறு பிடிக்கிறவன். பெரிய தாவலுக்கு முன் சிறிய பரீட்சை: நாற்பது புத்தகத்துக்கு முன் ஒன்று.

சிறுபத்திரிகைக்கும் கடமை உண்டு. பணம் கொடுக்க வசதி இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் ஏற்பா மறுப்பா என்று பதில் எழுத அஞ்சல்தலைச் செலவுகூட இன்று ஆகாது. படைப்பின் உரிமை ஆசிரியருக்கே என்று ஒரு வரி அச்சிடலாம். பிரதிகள் அனுப்பலாம். பிழையில்லாமல் அச்சிடலாம். புத்தகமாக்கினால் எத்தனை பிரதி அச்சாயிற்று, எத்தனை விற்றது என்ற கணக்கை வருஷம் ஒருமுறை கேட்காமலே கொடுக்கலாம். பணம் கொடுப்பவர்கள் கொடுக்கும்போது அதற்குச் சன்மானம் என்று எழுதாமல் ஊதியம் என்றோ பங்கு என்றோ எழுதத் தொடங்கட்டும். சொல் மாறினால் நிலைமை மாறிவிடுமா என்று கேட்பார்கள். சன்மானம் வரவில்லை என்று யாரும் வழக்குப் போட்டதில்லை. பங்கு வரவில்லை என்றால் போடலாம்.